எலும்போடு சேர்ந்து வளையும் டைட்டானியம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் காலில் ஒட்டுவதில் பாதி கறுப்பு மணல். அதில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கானும் கலந்து கிடக்கின்றன. முதல் இரண்டிலிருந்து டைட்டானியம் வருகிறது, மூன்றாவதிலிருந்து சிர்கோனியம். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கே மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதைக் கண்டுகொண்டார். களியக்காவிளையைத் தாண்டிக் கொல்லம் வரை போனால், சவறாவில் 2011இல் திறக்கப்பட்ட டைட்டானியம் பஞ்சு (துளைத்துளையான கச்சா உலோகம்) ஆலை இருக்கிறது. மணல் அள்ளுவது பற்றிய சண்டை வேறு கட்டுரைக்கு உரியது. எனக்கும் அதில் கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உலோகவியல் கற்றுத்தருகிறேன். ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாணவர்களாவது வந்து, "சார், எலும்புக்குப் பொருத்தும் டைட்டானியத்தில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும்" என்கிறார்கள். "எதற்கு?" என்று கேட்டால், "யங் குணகத்தைக் குறைக்க வேண்டும்" என்று பதில் வரும். யங் குணகம் என்பது ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு; குறைந்தால் எளிதில் நெகிழும். "எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. இந்த வழிகாட்டி அந்த மௌனத்துக்காக எழுதப்பட்டது.

எலும்பிலிருந்து தொடங்குங்கள்

என் பெரியப்பா பனையேறி. கருங்கல் பக்கம் ஒரு பனையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எஃகுப் பிளேட் வைத்துத் திருகினார்கள். எலும்பு கூடியது. சில ஆண்டுகள் கழித்துப் பிளேட்டைக் கழற்றுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில், பிளேட்டுக்கு அடியில் இருந்த எலும்பு மட்டும் மெலிந்து தெரிந்தது. "இரும்பு வேலை செய்தது, எலும்பு சும்மா இருந்தது" என்றார் மருத்துவர். பிளேட்டைக் கழற்றிய பிறகு பல மாதங்கள் பெரியப்பாவைக் கம்பு ஊன்றித்தான் நடக்க விட்டார்கள்.

சுமை வந்தால் எலும்பு தடிக்கும், சுமை போனால் கரையும். 1892இல் யூலியுஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். நம் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியின் யங் குணகம் 10 முதல் 30 ஜிகா பாஸ்கல். துருப்பிடிக்காத எஃகுக்கு ஏறக்குறைய 200. அறுவை சிகிச்சையில் மிகுதியாகப் பயன்படும் டைட்டானியம்–6 அலுமினியம்–4 வனேடியம் கலவைக்கு (எடையில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம்) 110 சொச்சம். கோபால்ட்–குரோமியம் கலவை எஃகையும் தாண்டும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எலும்பின் குறுக்குவெட்டு 300 சதுர மில்லிமீட்டர், குணகம் 18 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 50 சதுர மில்லிமீட்டர் பிளேட். இரண்டும் ஒன்றாகச் சுருங்கினால், குணகத்தையும் பரப்பையும் பெருக்கி வரும் எண்ணின் விகிதத்தில் சுமை பங்காகும். எலும்புக்கு 5,400. எஃகுப் பிளேட்டுக்கு 10,000, ஆகவே சுமையில் 65 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. குணகம் 110 உள்ள டைட்டானியக் கலவை என்றால் பாதி. 60 உள்ள கலவை என்றால் 36 சதவீதம். உண்மையில் எலும்பு வளையும், முறுகும், திருகு தளரும். இந்தக் கணக்கு அதையெல்லாம் பார்க்காது. ஆனாலும் எதைத் துரத்துகிறோம் என்பதை இது காட்டிவிடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். பிளேட்டைப் பாதி பருமனாக்கினாலும் சுமைப் பங்கு குறையும். செயற்கை இடுப்பு மூட்டுக்காகத் தொடை எலும்புக்குள் செருகும் தண்டில் விட்டத்தை 14 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக்கினாலே வளைவிறைப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. வடிவத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய சிக்கலுக்கு உலோகத்தை மாற்றப் புறப்படாதீர்கள்.

மெலிவுக்கெல்லாம் விறைப்புதான் காரணம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். பிளேட் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் கெடுவதும் ஒரு காரணம் என்று சுவிஸ் எலும்பு ஆய்வாளர் ஸ்டீஃபன் பெரன் வாதிட்டார். அந்த வாதத்தைப் படித்த பிறகு பெரியப்பாவின் எக்ஸ்ரேயை நான் பழைய உறுதியோடு பார்ப்பதில்லை.

அளவுக்கு மீறிய மென்மை

எங்கள் ஊர் ஆசான்கள் முறிந்த கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். பத்தை கொஞ்சம் வளையும். ஆனால் ஆசான் வாழைமட்டையை வைத்துக் கட்டுவதில்லை. இதை மறந்துதான் உலகம் ஒருமுறை சூடுபட்டது. 1970களில், எலும்பளவே நெகிழும் இடுப்புத் தண்டுகளைப் பிளாஸ்டிக் போர்த்திச் செய்து பொருத்தினார்கள். அவற்றில் பல தளர்ந்துபோயின. தண்டு மிகவும் நெகிழ்ந்தால், எலும்பும் உலோகமும் சேரும் இடத்தில் உராய்வும் நகர்வும் கூடும். அந்த நகர்வு ஏறக்குறைய 150 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் எலும்பு ஒட்டாது, நடுவில் நார்த்திசு வளர்ந்துவிடும்.

ஆகவே உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, இது எந்த எலும்புக்கு, எந்தப் பொருள், என்ன சுமை, எவ்வளவு காலம் என்பது. பிளேட்டுக்கு ஒரு பதில் வரும், இடுப்புத் தண்டுக்கு வேறு, முதுகெலும்புக் கம்பிக்கு முற்றிலும் வேறு.

தனிமங்களைத் தேர்ந்தெடுத்தல்

தூய டைட்டானியம் 882 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆல்ஃபா என்ற அறுகோண அடுக்கில் இருக்கும். அதற்கு மேலே பீட்டா, அதாவது கனசதுரத்தின் நடுவிலும் ஓர் அணு உட்கார்ந்திருக்கும் அமைப்பு. மென்மையான கலவைகள் எல்லாம் பீட்டாவை அறை வெப்பநிலை வரை பிடித்துவைப்பதில்தான் பிறக்கின்றன. பிடித்துவைக்கும் தனிமங்கள் நியோபியம், டாண்டலம், மாலிப்டினம், வனேடியம், இரும்பு, குரோமியம் போன்றவை. சிர்கோனியமும் வெள்ளீயமும் தனியாக அதிகம் சாதிப்பதில்லை. மற்றவர்களோடு சேர்ந்தால் நன்றாக உதவுகின்றன.

வனேடியத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அதன் அயனிகள் உயிரணுக்களுக்கு ஆகாது. அலுமினியத்தைப் பற்றியும் சந்தேகங்கள் உண்டு, அது பீட்டாவுக்கு எதிரான ஆளும்கூட. நியோபியம், டாண்டலம், சிர்கோனியம் மூன்றும் உடலோடு ஒத்துப்போகின்றன. டாண்டலம் விலை அதிகம், கனமும் அதிகம். இரும்பும் மாலிப்டினமும் மலிவு, சிறிதளவு சேர்த்தாலே பீட்டாவைப் பிடித்துவைக்கும். கல்லூரி நிதியில் வேலை செய்பவர்கள் நியோபியம், சிர்கோனியம், வெள்ளீயம் என்று தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு மாலிப்டினச் சமானம், அதாவது சேர்த்த தனிமங்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை சதவீத மாலிப்டினத்தின் வேலையைச் செய்யும் என்பது. எடைச் சதவீதத்தில் நியோபியத்தை 0.28 ஆலும் டாண்டலத்தை 0.22 ஆலும் பெருக்குங்கள், மாலிப்டினத்தை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பை 2.9 ஆல் பெருக்குங்கள், அலுமினியம் இருந்தால் கழியுங்கள். கூட்டுத்தொகை 10 அளவில் இருந்தால், தண்ணீரில் குளிரவைக்கும்போது பீட்டா நிற்கும் வாய்ப்பு அதிகம். ஜப்பானில் நீனோமி குழுவினர் உருவாக்கிய டைட்டானியம்–29 நியோபியம்–13 டாண்டலம்–4.6 சிர்கோனியம் கலவைக்குப் போட்டுப் பாருங்கள்: 8.12 கூட்டல் 2.86, ஏறக்குறைய 11.

இரண்டாவது எலக்ட்ரான்–அணு விகிதம். இணைதிறன் எலக்ட்ரான்களை மட்டும் எண்ணினால் டைட்டானியம், சிர்கோனியம், வெள்ளீயம் ஒவ்வொன்றுக்கும் 4 எலக்ட்ரான், நியோபியம், டாண்டலம் இரண்டுக்கும் 5. அணுச் சதவீதத்தில் சராசரி எடுக்க வேண்டும். மேலே சொன்ன ஜப்பானியக் கலவைக்கு 4.25 வரும். 2003இல் டொயோட்டாவின் மத்திய ஆய்வகம் 'கம் மெட்டல்' என்று அறிவித்த கலவை 4.24ஐ ஒட்டியது. இந்த எண்ணுக்குப் பக்கத்தில் பீட்டா மதில்மேல் பூனை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தத்தளிக்கும் நிலையில், ஒரு குறிப்பிட்ட திசையில் சறுக்குவதற்கு அணு அடுக்கு காட்டும் எதிர்ப்பு பூஜ்யத்தை நெருங்கிவிடுகிறது. வெளியில் நாம் அளக்கும் மென்மை அந்தத் தத்தளிப்புதான்.

இனி என் தவறு. முதல் கலவைக்கு '24 நியோபியம்' என்று ஓர் அட்டவணையில் பார்த்து, 24 சதவீத எடையை நிறுத்துப் போட்டுவிட்டேன். அட்டவணை சொன்னது அணுச் சதவீதம். அணுவில் 24 என்றால் எடையில் 38. நான் போட்ட அளவுக்கு அணுவில் 14தான், விகிதம் 4.14. குளிரவைத்துப் பார்த்தால் நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக வேறோர் அமைப்பு. பீட்டா தாங்காமல் மார்ட்டென்சைட்டாக மாறியிருந்தது. ஒரு மாத வேலை. அன்றிலிருந்து என் மாணவர்கள் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'எ' அல்லது 'அ' என்று எழுதாமல் தராசைத் தொடக் கூடாது.

இந்த இரண்டு கணக்கையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். சீனாவின் ஷென்யாங்கில் உருவான டைட்டானியம்–24 நியோபியம்–4 சிர்கோனியம்–8 வெள்ளீயம், எடையில், மாலிப்டினச் சமானம் 7ஐக்கூடத் தொடாது. எலக்ட்ரான் விகிதம் 4.15தான். ஆனால் அதன் குணகம் 42 வரை இறங்கியிருக்கிறது. சூத்திரம் கணக்கில் எடுக்காத சிர்கோனியமும் வெள்ளீயமும் அங்கே பீட்டாவைக் காப்பாற்றுகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தக் கணக்குகள், ஐம்பது கலவைகளில் நாற்பதைக் காகிதத்திலேயே கழித்துவிட உதவுபவை. மீதிப் பத்தை உருக்கித்தான் பார்க்க வேண்டும்.

உருக்குதல்

உலையின் முன் பணிவாக நில்லுங்கள். டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகும், நியோபியம் 2,477இல், டாண்டலம் 3,017இல். வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும். அடர்த்தியிலும் அதே அவலம். டைட்டானியம் 4.5, டாண்டலம் 16.6. அவசரப்பட்டால் அடியில் டாண்டலம் கட்டியாக உட்கார்ந்திருக்கும், மேலே டைட்டானியம் மினுங்கும்.

சிறிய ஆய்வகத்துக்குத் தோதானது, தண்ணீரால் குளிரவைத்த செப்புத் தட்டில் ஆர்கான் சூழலில் உருக்கும் மின்வில் உலை. 50 கிராம் பொத்தானுக்கு (தட்டில் உருகி உறையும் சிறு உலோக வில்லை) ஜப்பானியக் கலவை வேண்டுமென்றால் நியோபியம் 14.5 கிராம், டாண்டலம் 6.5, சிர்கோனியம் 2.3, டைட்டானியம் 26.7. கடினமாக உருகுபவற்றை மெல்லிய தகடாகவோ சில்லாகவோ வெட்டிக் கீழே வையுங்கள், டைட்டானியத்தை மேலே. இன்னும் நல்லது, நியோபியத்தையும் டாண்டலத்தையும் கொஞ்சம் டைட்டானியத்தோடு முன்பே உருக்கி, அந்தக் கலவையைப் பிறகு சேர்ப்பது. அறையைப் பம்பு வைத்து வெறுமையாக்கி ஆர்கான் நிரப்புவதை மூன்று முறை செய்யுங்கள். பிறகு முதலில் ஒரு தனி டைட்டானியத் துண்டை மட்டும் உருக்குங்கள், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது குடித்துவிடும். அந்தத் துண்டு வெள்ளியாக மின்னினால் தொடரலாம். மஞ்சளோ நீலமோ தட்டினால் எங்கோ ஒழுகுகிறது, உலையைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நீலம் தட்டியதைப் பார்த்தும் "பரவாயில்லை" என்று தொடர்ந்த ஒரு மாணவரின் பொத்தான், உருட்டும்போது பொரித்த அப்பளம்போல நொறுங்கியது. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த மாவட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் எங்களை ஆறு வாரம் அலைக்கழித்தது.

பொத்தானைப் புரட்டிப் புரட்டி ஐந்தாறு முறை உருக்குங்கள். முன்னும் பின்னும் எடை போடுங்கள். வெள்ளீயம் ஆவியாகியிருந்தால் தராசு சொல்லிவிடும்.

ஆக்சிஜனைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவத் தரமான டைட்டானியம்–6 அலுமினியம்–4 வனேடியத்தில் அது 0.13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. ஆனால் கம் மெட்டலில் ஆக்சிஜனை வேண்டுமென்றே சேர்த்தார்கள், வலிமைக்காகவும் வேண்டாத அமைப்புகளை அடக்கவும். ஆக, அளவு தெரிந்த ஆக்சிஜன் ஒரு சேர்மானம். தெரியாமல் நுழைந்தால் அது திருட்டுப்பயல்.

சூடும் தண்ணீரும்

பொத்தானை டாண்டலத் தகட்டில் சுற்றி, காற்றை நீக்கிய குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, 1,000 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். பிறகு குழாயைத் தண்ணீருக்குள்ளேயே உடையுங்கள். கண்ணாடிக் கவசம் அணியாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. அடுத்து, உள்ளே எந்த அணு அடுக்கு இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை. பீட்டாவின் கோடுகள் மட்டும் தெரிந்தால் மகிழ்ச்சி.

இங்கே ஒளிந்திருக்கும் எதிரி ஒமேகா என்ற இன்னோர் அணு அமைப்பு. குளிரவைக்கும்போதே நுண்ணியதாகத் தோன்றும், 300 முதல் 400 டிகிரியில் வைத்தால் வளரும். குணகத்தை ஏற்றிவிடும், கலவையை உடையக்கூடியதாக்கும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் எளிதில் அகப்படாது. குணகம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்திருந்து, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்றால் ஒமேகாவைச் சந்தேகியுங்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். துண்டு வெட்டும்போது சூடேறினாலும் இந்தத் தொல்லை வரலாம், ஆகவே மெதுவாகத் தண்ணீர் விட்டு வெட்டுங்கள்.

அளத்தல்

இழுவை இயந்திரத்தின் தலை எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து நீட்சியைக் கணக்கிட்டுவிட்டு, "சார், 25 ஜிகா பாஸ்கல்!" என்று ஓடிவருவார்கள். அது இயந்திரமும் பிடியும் சேர்ந்து வளைந்த கணக்கு. துண்டின் மேலேயே ஒட்டும் நீட்சிமானி வேண்டும். அதைவிட எளிது, அதே அளவில் ஓர் எஃகுத் துண்டை முதலில் இழுத்துப் பாருங்கள். 200ஐ ஒட்டி வரவில்லை என்றால் உங்கள் முறை தவறு. மீயொலி அலையின் வேகத்தை வைத்தோ, துண்டைத் தட்டி அதன் அதிர்வெண்ணைக் கேட்டோ அளப்பது இன்னும் நம்பகமானது. தட்டும் முறை எனக்குப் பிடித்தது. கோயில் மணி வார்ப்பவரும் அதைத்தான் செய்கிறார்.

இந்தக் கலவைகளில் பலவற்றின் இழுவைக் கோடு நேராகப் போகாது, தொடக்கத்திலிருந்தே மெல்ல வளையும். எந்த நீட்சியில் சாய்வை எடுத்தீர்கள் என்று எழுதாத குணகத்துக்கு மதிப்பில்லை.

வலிமையைக் கூட்டுதல்

மென்மை வந்துவிட்டது, ஆனால் மீட்சி எல்லையும் தாழ்ந்துவிட்டது. அனேகமாக எல்லோரும் இங்கேதான் சிக்குவார்கள். குளிர்நிலையில் உருட்டினால் வலிமை ஏறும், குணகம் பெரிதாக ஏறாது. சூட்டில் வைத்து நுண்ணிய ஆல்ஃபாவை விதைத்தால் வலிமை நன்றாக ஏறும், கூடவே குணகமும் ஏறும். முதலில் உருட்டுங்கள், பிறகு மிகக் குறைந்த நேரம் சூடு காட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. வலிமையைக் குணகத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்துக் கலவைகளை வரிசைப்படுத்துங்கள். குணகத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் வாழைமட்டைதான் முதலிடம் பெறும்.

அதற்குப் பிறகு சோர்வுச் சோதனை. நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு சுமை விழும், ஆண்டுக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல். ஒரு கோடிச் சுழற்சி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நொடிக்குப் பத்து என்று வைத்தாலும் பதினொன்றரை நாள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் பதினொன்றரை நாள் மின்தடை இல்லாமல் கிடைப்பது அரிது. சோதனையை பிப்ரவரியில் வையுங்கள்.

அச்சிட்டுத் துளையிடும் வழி

குணகத்தைக் குறைக்கக் கலவையை மாற்றாமல், துளைகள் நிறைந்த கூடாக முப்பரிமாண முறையில் அச்சிடலாம். அடர்த்தி விகிதத்தின் இருமடியில் குணகம் குறையும் என்பது ஏறக்குறைய சரியான விதி. 114 உள்ள பழைய 6 அலுமினியம்–4 வனேடியம் கலவையில் 60 சதவீதம் துளை வைத்தால் 18 கிடைக்கும். 65 உள்ள பீட்டா கலவை என்றால் 47 சதவீதம் துளையே போதும், மிச்ச உலோகம் சோர்வைத் தாங்கும். துளைக்குள் எலும்பு வளர்ந்து பூட்டிக்கொள்வது கூடுதல் லாபம். இரண்டு வழிகளும் போட்டியாளர்கள் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

உயிரணுச் சோதனை, அரிமானம், விலங்குச் சோதனை எல்லாம் ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையில் இருக்கின்றன. அவற்றை நீங்களே செய்ய முயல வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் திருவனந்தபுரம், அங்கே பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. என்ன அளவில், எத்தனை துண்டு, எப்படி மெருகேற்றி அனுப்ப வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் காட்டுதல்

இதை இறுதியில் செய்வது வழக்கம். முதல் பொத்தானுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். முதுகெலும்புக் கம்பிக்கென்று 60 ஜிகா பாஸ்கல் கலவை ஒன்றை உருட்டி எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனேன். அவர் குணகத்தைக் கேட்கவே இல்லை. கம்பியை வாங்கி இரண்டு கையாலும் வளைத்தார், விட்டார். அது துள்ளி நிமிர்ந்தது. "அறுவை மேசையில் முதுகின் வளைவுக்கு ஏற்ப இதை வளைக்க வேண்டும் தம்பி. நான் வளைத்த இடத்தில் நிற்குமா?" என்றார்.

மென்மையான கம்பி அதிகம் நிமிரும். நெகிழ்வைக் கூட்டிய அளவுக்கு அவருடைய வேலையைக் கெடுத்திருந்தேன். இதற்கு நீனோமி குழு கண்ட வழி டைட்டானியம்–12 குரோமியம். வளைக்கும்போது, வளைந்த இடத்தில் மட்டும் ஒமேகா தோன்றி, குணகம் 70 அளவிலிருந்து 80க்கு மேல் ஏறுகிறது. அந்த இடம் விறைத்து நிற்கும், மற்ற நீளமெல்லாம் மென்மையாகவே இருக்கும். நான் இத்தனை நாள் துரத்தியடித்த ஒமேகாவையே கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, 'எந்த எலும்பு' என்பதற்கு மேலே 'யார் வளைப்பது, எதை வைத்து' என்று எழுதினேன்.